கடவுள் இல்லை என்போர் கேட்பது என்ன?

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றை நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் மாலை வேளையிலே பயணஞ் செய்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு பள்ளிவாசலின் பாங்கொலி காற்றில் அடங்குமுன்னே மற்றொரு பள்ளிவாசலின் பாங்கு எழுகின்றது. அது ஓய்வதற்குள் அம்மன் கோயில் மணி ஒலிக்கின்றது. கிழக்கே கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கடலுக்குப் போகிறவரும் வயலுக்குப் போகிறவரும் இறைவன் பெயரைச் சொல்லாமல் வீட்டுப்படி இறங்குவதில்லை.

இத்தகைய நாட்டிலே நாத்திகரைப் பற்றி எழுதவேண்டிய தேவை என்ன என்று வாசகர் கேட்கலாம். தேவையை உண்டாக்கியவன் ஒரு மாணவன்.

நான் கற்பிக்கும் உயர்தர வகுப்பிலே பயில்பவன் அவன், மருதமுனையைச் சேர்ந்தவன். ஒருநாள் பாடம் முடிந்து மற்றவர்கள் வெளியேறிய பின்னர் என் மேசையருகே வந்து தயங்கி நின்றான். “சேர், கடவுள் இல்லையெண்டு சொல்றவங்க என்னத்த வெச்சிச் சொல்றாங்க? அவங்களும் படிச்ச ஆக்கள்தானே?” என்று கேட்டான். ஏன் கேட்கிறாய் என்றேன். அவனுடைய வாப்பாவைப் பெற்றவர் 2004 ஆம் ஆண்டுப் பேரலையில் மாண்டவர். இவன் பிறந்தது அதன் பின்னர். வீட்டிலே அந்தப் பாட்டியின் புகைப்படம் ஒன்று மட்டும் இருக்கின்றதாம். “வாப்பாக்கிட்ட கேட்டா ஏசுவார் சேர்” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று அவனுக்குச் சொன்ன விடை சிறியது. இக்கட்டுரை அதன் விரிவு. நான் திருநீறு அணிபவன், நாத்திகன் அல்லன். ஆயினும் ஒரு கொள்கையை மறுப்பதற்கு முன், அக்கொள்கையுடையார் ‘ஆம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும் வகையில் அதனை எடுத்துரைத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த முறை. 13 ஆம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பிறர் மதங்களை ஆராயும் பரபக்கம் முன்னும், தம் மதத்தை நிறுவும் சுபக்கம் பின்னுமாக அமைந்திருத்தல் காண்க. அந்தப் பரபக்கத்திலே முதலாவதாக வந்து பேசுபவன் உலகாயதன். அதாவது, கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை என்பவன். சைவ சித்தாந்தத்தின் பெருநூல் ஒன்று நாத்திகனுக்கே முதல் ஆசனம் அளித்திருக்கின்றது!

ஒரு சொல்லின் வரலாறு

‘நாத்திகம்’ என்பது ‘இல்லை’ எனப் பொருள்படும் வடசொல்லிலிருந்து பிறந்தது. எதனை இல்லை என்பது என்பதிலேதான் வேறுபாடு. பழைய இலக்கணப்படி மறுமை இல்லை என்பவன் நாத்திகன். தரும நூலாரோ வேதத்தைப் பழிப்பவனை நாத்திகன் என்றனர். அதனால் ஒரு விந்தை விளைந்தது. உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவனை ஏற்காத பழைய சாங்கியர், வேதத்தை ஒப்புக்கொண்ட காரணத்தால் ஆத்திகராயினர். மறுபிறப்பையும் வினைப்பயனையும் உறுதியாக நம்பிய சமணரும் பௌத்தரும் நாத்திகர் எனப்பட்டனர். ஆகவே ஒருவரை நாத்திகர் என்று சொல்லிவிட்டால் அவரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டதாக ஆகாது.

இன்று நாத்திகர் என்று வழங்கப்படுவோர் பெரும்பாலும் ஒரே ஒரு வினாவைக் கையிலே வைத்திருப்பவர்கள்: “நீங்கள் சொல்வதற்குச் சான்று யாது?” கடவுள் இல்லை என்று தாம் நிறுவிவிட்டதாக அவர்களிற் பலர் உரிமை கோருவதில்லை. உண்டு என்பவரே நிறுவக் கடமைப்பட்டவர் என்பதே அவர்களது வாதம். ஆங்கிலத் தத்துவஞானி பேட்றண்ட் ரஸல் 1952 இல் எழுதிய கட்டுரையொன்றிலே இதற்கு ஓர் உவமை கூறினார். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க் கேத்தல் சூரியனைச் சுற்றிவருகின்றது என்றும், எந்தத் தொலைநோக்கிக்கும் புலப்படாத அளவுக்கு அது சிறியது என்றும் ஒருவர் சொல்வாராயின், அதனைப் பொய்யென்று எவராலும் நிறுவ முடியாது. அதற்காக அதை நம்பவேண்டுமோ? ‘பொய்யென்று நிறுவ முடியாது’ என்பது வேறு. ‘உண்மையென்று நம்பக் காரணம் உண்டு’ என்பது வேறு. நாத்திகரின் வாதத்துக்கு அடித்தளம் இந்த வேறுபாடே.

‘உண்டு என்றும் அறியோம், இல்லை என்றும் அறியோம்’ என்று நடுவே நிற்போரும் உளர். அவர்களைக் குறிக்க 1869 இல் ஒரு புதிய ஆங்கிலச் சொல்லை ஆக்கியவர் தோமஸ் ஹக்ஸ்லி என்னும் உயிரியல் அறிஞர். தமிழிலே அறியொணாவாதிகள் என்பர்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த ஆசிரியர்

நம் நாட்டிலே இவ்வினாவை உரத்த குரலிற் கேட்டவர் ஓர் ஆசிரியர். பெயர் ஆபிரகாம் தோமஸ் கோவூர். கேரளத்துத் திருவல்லாவில் 1898 இல் பிறந்தவர். தந்தையார் மார்த்தோமா சிரியன் திருச்சபையின் உயர்நிலைக் குருவானவர். கல்கத்தாவிலே தாவரவியல் பயின்று, 1928 இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். 1959 இல் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரியிலிருந்து இளைப்பாறிய பின்னரே நாடெங்கும் அவர் பெயர் பரவலாயிற்று. இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் விளங்கினார்.

அவரைப் பற்றிய கதைகள் பல. கல்கத்தாவிலிருந்து விடுமுறையில் ஊர் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி சுற்றத்தார் வேண்டினராம். அவரோ வழியிலிருந்த புகையிரத நிலையக் குழாயில் நீர் பிடித்துக் கொடுத்தார். அந்நீரினால் நோய் தீர்ந்ததென்று சிலர் பின்னர் நன்றி கூறினராம். யாழ்ப்பாணத்திலே கிறிஸ்தவ வேதபாடத்தைக் கற்பிக்குமாறு ஒருமுறை அவரிடம் ஒப்படைத்தார்கள். மாணவர் பரீட்சையிலே சிறப்பாகச் சித்தியெய்தினர். ஆயினும் மறுவருடம் அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகள் பாடத்தில் வென்று சமயத்தில் தோற்றுவிட்டார்கள் என்பது அதிபரின் குறை.

1963 இல் கோவூர் ஓர் அறைகூவல் விடுத்தார். மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டின் கீழ் அற்புதம் ஒன்றை நிகழ்த்திக் காட்டுவோருக்கு 1,00,000 ரூபா பரிசு. உறையிலிட்டு முத்திரையிட்ட பணநோட்டின் இலக்கத்தைச் சொல்லலாம், நீரின்மேல் நடக்கலாம், கனலும் தணலின்மேல் அரை நிமிடம் கொப்புளமின்றி அசையாது நிற்கலாம். இவை போன்ற பலவற்றுள் எது இயலுமோ அதைச் செய்து காட்டலாம். 1978 செப்டம்பர் 18 இல் அவர் காலமாகும் வரை அப்பரிசை வென்றவர் எவருமில்லை. மனோவசிய முறையிலே பேய், பில்லி, சூனியம் என்று அஞ்சி வந்த எத்தனையோ பேரின் மனநோயைத் தீர்த்தவர் அவர். அத்தகைய சரித்திரம் ஒன்றைத் தழுவியே 1973 இல் ‘மறுபிறவி’ என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது.

தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்றார். கண்களைத் தானஞ் செய்தார். உடலை மருத்துவ மாணவருக்கு அளித்தார். எலும்புக்கூட்டைத் தாம் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரிக்கு எழுதிவைத்தார். மறுமையில் எதையும் எதிர்பாராத ஒருவர் இம்மையில் தம்மிடமிருந்த யாவற்றையும் கொடுத்துச் சென்றார். இதனை ஆத்திகராகிய நாம் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று.

தீயும் பாதமும்

கோவூர் தணலின்மேல் ‘நிற்க’ச் சொன்னாரேயன்றி ‘நடக்க’ச் சொல்லவில்லை. அதன் நுட்பம் நம் பகுதியாருக்கு எளிதில் விளங்கும். கல்முனைக்கு அருகேயுள்ள பாண்டிருப்புத் திரௌபதி அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு ஊரறிந்தது. நோன்பிருந்த அடியார் தணலைக் கடந்து செல்வதைக் கண்டு கண்ணீர் மல்காதவர் இல்லை.

பௌதிகம் என்ன சொல்கின்றது? பாண் சுடும் போறணைக்குள்ளே கையை நீட்டினால் உட்காற்று உடனே சுட்டுவிடுவதில்லை. அங்கிருக்கும் தகரத்தைத் தொட்டாலோ கணத்திற் கொப்புளம். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. ஆனால் காற்றுக்கு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றல் குறைவு, உலோகத்துக்கு மிகுதி. விறகுத் தணலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். ஒவ்வோர் அடியும் தணலிற் படியும் நேரமோ ஒரு விநாடிக்கும் குறைவு. 1935 இல் இங்கிலாந்திலே குதா பக்ஷ் என்னும் காஷ்மீர முஸ்லிம் ஒருவர் விஞ்ஞானிகள் முன்னிலையில் தணற்குழியைக் காயமின்றிக் கடந்து காட்டினார். ஆராய்ந்தவர்கள் வந்த முடிபு இதுவே: தணலின் குறைந்த கடத்துதிறனும், பாதம் படும் நேரத்தின் குறுமையுமே காரணம்.

இதனாலே அடியாரின் பக்தி பொய்யாகிவிட்டதா? இல்லை. தீயை மிதிப்பவர் விஞ்ஞானப் பரிசோதனை நடத்த வரவில்லை. நேர்ந்த கடனைத் தீர்க்க வந்தவர். அவருடைய துணிவும் விரதமும் உண்மை. ‘சுடவில்லை, ஆகவே தெய்வம் உண்டு’ என்று பக்கத்தில் நிற்பவர் கூறும் அனுமானம் மட்டுமே உடைகின்றது. நாத்திகர் மறுப்பது பெரும்பாலும் இந்த ‘ஆகவே’யைத்தான்.

இதுபோன்ற ஆராய்ச்சி நாத்திகருக்கே உரியதும் அன்று. கல்முனைக் கடற்கரைப் பள்ளியிலே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாகக் கொடியேறும் நாட்களில் கூட்டம் பெருகும். அவ்விழாவையும் பக்கீர்மாரின் றாத்திபையும் பக்தியோடு போற்றும் முஸ்லிம்களும் உளர். மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கும் முஸ்லிம்களும் உளர். ஈமானிலே சற்றும் குறையாதவர்களே இங்கு ஆதாரம் கேட்கிறார்கள். சான்று கேட்பவர் எல்லாரும் நாத்திகர் அல்லர் என்பதற்கு இது போதும்.

நல்ல எண்ணம் போதுமா?

1877 இல் டபிள்யூ. கே. கிளிபர்ட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் ‘நம்பிக்கையின் அறநெறி’ பற்றி எழுதினார். ஒரு கப்பற் சொந்தக்காரனிடம் பழைய கப்பல் ஒன்று உண்டு. பழுதுபார்க்கவேண்டும் என்ற ஐயம் அவனுக்கு எழுகின்றது. செலவை எண்ணி அந்த ஐயத்தை அடக்கிக்கொள்கிறான். எத்தனையோ முறை போய்த் திரும்பிய கப்பலல்லவா, இறைவன் காப்பான் என்று மனதாரவே நம்பிவிடுகிறான். பயணிகளோடு கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. அவன் நம்பிக்கை போலியன்று, உண்மையானதே. ஆயினும் அவன் குற்றவாளி என்கிறார் கிளிபர்ட். ஏனெனில் அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருக்கவில்லை. கப்பல் தற்செயலாகக் கரைசேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே.

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் சிறிய மாமாவின் நினைவு வரும். நான் சிறுவனாயிருந்த காலம். வயலிலே வரம்பு கட்டிக்கொண்டிருந்தவரைப் பாம்பு தீண்டிற்று. வீட்டார் அவரை முதலிலே மந்திரித்து விஷம் இறக்குபவரிடம் கொண்டு சென்றனர். வேப்பிலை வீசி, நீர் ஓதித் தெளித்து இரண்டு மணி நேரம் கழிந்தது. கண்ணிமைகள் சரிந்து பேச்சுக் குழறிய பின்னரே மருத்துவமனைக்கு ஓடினர். விஷமுறி மருந்து ஏற்றினார்கள், காலங் கடந்துவிட்டது. மந்திரித்தவர் வஞ்சகர் அல்லர். காசு ஒரு சதமும் வாங்கவில்லை. அவரும் மனதார நம்பினார். எங்கள் அம்மம்மாவும் மனதார நம்பினார். மாமா இறந்துபோனார்.

நான் இறைவனை நம்புகிறேன். எனினும் நாத்திகரின் குரலை நான் வெறுக்காததற்குக் காரணம் அந்த இரண்டு மணி நேரம். ‘சான்று எங்கே?’ என்று கேட்க அன்று எங்கள் வளவில் ஒருவர் இருந்திருந்தால்!

கிளிபர்ட்டுக்கு 1896 இல் மறுமொழி கூறியவர் அமெரிக்க உளநூலறிஞர் வில்லியம் ஜேம்ஸ். சான்றினால் முடிவு செய்யக்கூடியவற்றிலே சான்றைப் பின்பற்றவேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வாழ்க்கையிலே சில தெரிவுகள் உள. அவற்றைச் சான்று தீர்க்காது, தள்ளிப்போடவும் முடியாது. அத்தகைய இடத்திலே உள்ளம் சாய்ந்த பக்கம் நிற்க மனிதனுக்கு உரிமையுண்டு என்றார். பாம்புக்கடி முதல் வகை. மருந்து எது என்பதைச் சோதனை காட்டிவிடும். வாழ்வுக்குப் பொருள் உண்டா என்பது இரண்டாம் வகை.

தமிழிலே ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கின்றது. ‘நாளை மழை பெய்யும் என்று நம்புகிறேன்’ என்பது ஒன்று; ‘என் நண்பனை நம்புகிறேன்’ என்பது மற்றொன்று. முன்னது ஒரு செய்தியை மெய்யெனக் கொள்ளுதல். பின்னது ஒருவரிடம் தன்னை ஒப்படைத்தல். நம் முஸ்லிம் சகோதரர் வழங்கும் ‘ஈமான்’ என்ற அறபுச் சொல்லும், ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் ‘அமானிதம்’ என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நாத்திகர் முதல் வகை நம்பிக்கையை ஆராய்கிறார். பக்தரோ இரண்டாம் வகையிலே வாழ்கிறார். இருவரும் ஒரே சொல்லைப் பேசியும் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் நாத்திகருக்கு ஒரு மறுகேள்வி உண்டு: ஒப்படைப்பதற்கு முன், அங்கே வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்பது தெரிய வேண்டாமா?

பேரலை எழுப்பிய வினா

இனி அம்மாணவனின் வினாவுக்கு அடியிலே கிடந்த வினாவுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியிலே 9.1 அளவான நிலநடுக்கம் உண்டாயிற்று. பூமியோடு 1,200 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்குப் பிளந்து பெயர்ந்தது. சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் பேரலை நம் கரையை அடைந்தது. இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 10,000 க்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தினர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், திருக்கோவில் என்று அலை சமயம் பார்த்து வரவில்லை. தொழுதவரையும் கொண்டுபோயிற்று, தொழாதவரையும் கொண்டுபோயிற்று, தொட்டிற் குழந்தையையும் கொண்டுபோயிற்று.

இறைவன் எல்லாம் வல்லவனாயும் எல்லையற்ற கருணையுடையவனாயும் இருப்பின் இது எப்படி நிகழ்ந்தது? கிரேக்க அறிஞர் எபிக்கூரஸ் பெயரால் வழங்கும் பழைய வினா இது. 1755 நவம்பர் 1 ஆம் நாள், கிறிஸ்தவர் புனிதர் யாவரையும் நினைவுகூரும் பெருநாளிலே, மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த காலைவேளையில், போர்த்துக்கலின் லிஸ்பன் நகரைப் பூகம்பமும் கடலலையும் தீயும் அழித்தன. அப்போது ஐரோப்பா முழுவதும் அவ்வினாவைக் கேட்டது. எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேர் கவிதையிலும் ‘கண்டீட்’ என்னும் கதையிலும் சாடினார். அவர் நாத்திகர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மன் தத்துவஞானி கான்ற் வேறு வழியிற் சென்றார். பூகம்பத்துக்கு இயற்கைக் காரணம் யாது என்று ஆராய்ந்து 1756 இல் கட்டுரைகள் எழுதினார்.

நம்முடைய பேரலையின் பின்னரும் அற்புதச் செய்திகள் பரவின. களுத்துறைக் கரையோரத்தை மேலிருந்து பிடித்த செய்மதிப் படத்திலே, திரும்பும் அலையின் நுரையில் இறைநாமம் எழுதப்பட்டிருப்பதாகச் சிலர் கண்டனர். சுமாத்திராவின் லம்பூக் ஊரிலே சுற்றிலும் யாவும் தரைமட்டமாகப் பள்ளிவாசல் மட்டும் நின்றது. இங்கே கோயில் நின்றது என்றார் இந்து. அங்கே புத்தர் சிலை நின்றது என்றார் பௌத்தர். உறுதியான தூண்களும் அலை புகுந்து வெளியேறத் திறந்த வெளியும் உள்ள கட்டடம் எந்தச் சமயத்துடையதாயினும் நிற்கும் என்பார் பொறியியலாளர். இடிந்துபோன கோயில்களையும் பள்ளிகளையும் எவரும் படம்பிடித்துப் பரப்பவில்லை என்பார் நாத்திகர்.

கடலோடிகளாகிய நம்மவருக்கு மிகவும் பொருத்தமான கதையொன்றை உரோம அறிஞர் சிசரோ எழுதிவைத்திருக்கிறார். நாத்திகர் எனப் பேரெடுத்த தியாகரஸ் என்னும் கிரேக்கரிடம், புயலிலே தெய்வங்களை வேண்டி உயிர் தப்பியவர்கள் ஆலயத்தில் மாட்டிய நேர்த்திச் சித்திரங்களை ஒருவர் காட்டினார். ‘தெய்வம் இல்லை என்கிறீரே, இத்தனை பேர் தப்பினரே!’ என்றார். வேண்டியும் மூழ்கிப்போனவர்கள் எங்குமே சித்திரம் மாட்டவில்லையே என்று தியாகரஸ் விடையிறுத்தார். தப்பியவரின் சாட்சியை மட்டும் கேட்டு முடிவு கட்டலாகாது என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

சமயங்களுக்கு விடை இல்லாமல் இல்லை. வினைப்பயன் என்கிறது சைவம். சோதனை என்கிறது இஸ்லாம். நீரில் மூழ்கி மரித்தோர் ஷஹீதுகளின் பதவி பெறுவர் என்னும் நபிமொழியும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் பலரை எழுந்து நடக்கவைத்தது இவ்விடைகளே. ஆயினும், ஆறுதல் தருவதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்கிறார் நாத்திகர். ‘ஏன் இறைவன் தடுக்கவில்லை?’ என்பதைவிட, ‘ஏன் எவரும் எச்சரிக்கவில்லை?’ என்று கேட்பதே பயனுடையது என்பார் அவர். பசிபிக் சமுத்திரத்துக்கு 1949 இலிருந்தே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அத்தகைய ஏற்பாடு முழுமையாக இயங்கத் தொடங்கியது 2011 இலேதான். அந்த இரண்டு மணி நேரத்தில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் மக்கள் மேற்கே வயற்பக்கம் நடந்தே தப்பியிருக்கலாம். பாம்பு தீண்டிய என் மாமாவுக்கும் அதே இரண்டு மணி நேரம்!

மறுதரப்பின் விடை

ஆத்திகர் தரப்பையும் கூறாது விடுதல் நடுவுநிலையன்று. கண்ணாற் கண்டதே மெய் என்று சாதித்த பூதவாதியை மணிமேகலைக் காப்பியத்திலே மணிமேகலை நகைத்து மடக்குகிறாள்: உன் தந்தையும் தாயும் இன்னார் என்பதை அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று கேட்கிறாள். காட்சி ஒன்றே அளவையாகாது. கருதலும் உரையும் வேண்டும் என்பர் சைவ சித்தாந்திகள்.

உலகம் தோன்றி ஒடுங்குவது. தோன்றுவதற்கு ஓர் ஆக்குவோன் வேண்டும் என்பது மெய்கண்ட தேவர் நிறுவிய முறை. தொடக்கமுடைய யாவற்றுக்கும் காரணம் உண்டு, உலகுக்கும் தொடக்கம் உண்டு என்பது இஸ்லாமியக் கலாம் அறிஞரின் வாதம். காரைதீவுச் சைவரும் சாய்ந்தமருது ஆலிமும் இவ்விடயத்தில் ஒரே தோணியிற் செல்கின்றனர்! குயவன் குடம் வனைவதைக் கண்டிருக்கிறோம், உலகம் வனையப்படுவதை எவர் கண்டார் என்று 18 ஆம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்து அறிஞர் ஹியூம் இவ்வகை வாதத்தை மறுத்தார். விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை.

ஐயமே ஈமானுக்குப் பகை என்று எண்ணுவோர் இமாம் கஸ்ஸாலியின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். 1111 இல் மறைந்த அப்பேரறிஞர் தம் வாழ்க்கைக் குறிப்பிலே தம்மைப் பற்றிய ஐயத்தை ஒளிக்காது எழுதியிருக்கிறார். கண்ணுக்கு நாணயமளவாய்த் தெரியும் விண்மீன் பூமியினும் பெரிது என்று கணிதம் காட்டுகின்றது. ஆகவே புலன்களை எங்ஙனம் நம்புவது என்று தொடங்கி, அறிவையே ஐயுற்று, ஏறத்தாழ இரண்டு மாதம் அந்நோயில் வாடினார். 1095 இல் பக்தாதின் உயர் பதவியையும் துறந்து வெளியேறினார். அவரை எவரும் ஏசி ஈமானுக்குத் திருப்பவில்லை; தேடித் தேடி அவரே அடைந்தார்.

அவர்கள் தவறும் இடம்

நாத்திகர் எல்லா இடத்திலும் சரியானவர் என்று சொல்ல நான் வரவில்லை. போலிச் சாமியார் ஒருவரை அம்பலப்படுத்தினால் கடவுளையே மறுத்துவிட்டதாக எண்ணுவது அவர்களுள் சிலரின் பிழை. கள்ளநோட்டைப் பிடித்ததனால் நல்ல நோட்டு இல்லையென்று ஆகாது. நம்புகிறவர் எல்லாரும் மூடர் என்ற ஏளனம் மற்றொரு பிழை. நாத்திகம் அரசாங்கக் கட்டளையாகும்போது அதுவும் கொடுங்கோலாகும். 1967 இல் அல்பேனிய அரசு பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் மூடியது. சான்றைக் கேட்பவர் துப்பாக்கியைத் தூக்கினால் அவரும் ஒரு மதவெறியரே.

கடவுளை விட்டால் ஒழுக்கமும் போய்விடும் என்பது எதிர்ப்பக்கத்தின் பிழை. ஆந்திர நாட்டிலே 1940 இல் நாத்திக நிலையம் அமைத்த கோரா என்பார் தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி நடத்தியவர். காந்தியடிகள் அவரோடு நெடுநேரம் உரையாடினார். கோரா தம் மகளை ஹரிஜன இளைஞர் ஒருவருக்கு மணமுடிக்க எண்ணியபோது அத்திருமணத்தைச் சேவாக்கிராமத்தில் நடத்தவும் இசைந்தார். காந்தியடிகள் மறைந்த பின் 1948 இல் அது அங்கே நடைபெற்றது. இராம நாமத்தை உயிர்மூச்சாகக் கொண்டவரும் கடவுளை மறுத்தவரும் ஒரே பந்தியில் அமர முடிந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

காரைதீவிலே 1892 இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, விஞ்ஞான ஆசிரியராய் விளங்கி, 1924 இல் துறவு பூண்டவர் சுவாமி விபுலானந்தர். வழக்கொழிந்த யாழ்களைப் பற்றி யாழ்நூல் எழுதியபோது அவர் தெய்வத்தின் பெயரால் எதையும் சாதிக்கவில்லை. சுருதிகளைக் கணக்கிட்டு நிறுவினார். சான்று வேண்டுமிடத்தில் சான்று, பக்தி செய்யுமிடத்தில் பக்தி என இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்தவர் அவர். அவ்வாறு வாழ்தல் இயலும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

நம் நாட்டின் 1978 ஆம் ஆண்டு யாப்பின் 10 ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்குமான சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதி செய்கின்றது. அது சட்டத்தின் வேலை. பிள்ளை கேள்வி கேட்கும்போது முகஞ்சுளிக்காதிருத்தல் பெற்றோரின் வேலை. ஏச்சினால் அடங்கிய ஐயம் மறைவதில்லை. உள்ளே போய் இறுகிவிடுகின்றது. விடை தெரியாவிடின் ‘எனக்குத் தெரியாது, இருவருமாகத் தேடுவோம்’ என்று சொல்வதில் தந்தைக்கு இழிவு ஒன்றுமில்லை.

இதைத்தான் அம்மாணவனுக்கும் சொல்லி, வாப்பாவிடமே கேட்டுப் பார் என்று அனுப்பினேன். இரண்டு வாரங்கழித்து வந்தான்.

“கேட்டன் சேர். வாப்பா ஏசல்ல. கனநேரம் ஒண்டும் பேசாம இருந்தார். பிறகு, ‘உம்மாட மய்யித்து கிடைக்காத அந்த மூணு நாளும் நானும் இதத்தான் கேட்டன்’ எண்டு சொன்னார்.”

பிறகு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“இஷாவுக்கு பாங்கு சொல்லிச்சு, சேர். ரெண்டு பேருமாப் பள்ளிக்குப் போனோம். போற வழியெல்லாம் வாப்பா அவங்கட உம்மாவப் பத்திச் சொல்லிக்கிட்டு வந்தார். அதுக்கு முந்தி ஒருநாளும் சொன்னதில்ல.”